கோட்டுக்கு வெளியே ஒரு கேப்டன்

சர்வதேசக் கூடைப்பந்து ஆட்டத்தில் பயிற்சியாளர் தன் அணியைக் கூப்பிட்டு நிறுத்திப் பேச ஐந்து டைம்-அவுட்தான் உண்டு. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. ஒவ்வொன்றும் 60 விநாடி. ஆடுகிறவர்கள் ஓடிவந்து உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மூச்சு கொஞ்சம் அடங்குவதற்குள் கால் நிமிடம் போய்விடும். மிச்சம் முக்கால் நிமிடம். எதிரணியில் மூன்றாவது முறையாகத் தூரத்திலிருந்து பந்தைப் போட்டவளை இனி யார் பிடிப்பது, ஸ்கிரீன் வந்தால் ஆளை மாற்றிக்கொள்வதா, பின்னாலேயே ஓடுவதா, அடுத்த பந்தை யார் கையில் கொடுப்பது என்று எல்லாவற்றையும் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சொன்னால் போதாது, அழுகிற நிலையில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் காதில் அது ஏறவும் வேண்டும்.

இந்த முக்கால் நிமிடத்தைக் கேட்கிற இடத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர் அனிதா பால்துரை. இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் கேப்டன். 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றவர். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் பயிற்சியாளர் பக்கம் வந்தார். ஆட்டக்காரராக அவர் செய்ததைப் பட்டியல் போடுவது சுலபம். பயிற்சியாளராக அவரைப் போன்ற ஒருவரால் என்ன செய்ய முடியும், அதை நாம் செய்யவிடுகிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. மீஞ்சூரில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சுலபமான பட்டியலை முடித்துவிடலாம். பிறந்தது 1985-ல், சென்னையில். படித்தது ராணி மெய்யம்மை பள்ளியில். பதினொரு வயதுவாக்கில் பந்தைக் கையில் எடுத்தவர், பதின்பருவத்திலேயே இந்திய அணிக்குள் நுழைந்துவிட்டார். 19 வயதில் சீனியர் அணியின் கேப்டன். அந்தப் பொறுப்பை அவ்வளவு இளம் வயதில் ஏற்றவர் அவருக்கு முன் யாருமில்லை. ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடிய ஒரே இந்தியப் பெண். தேசிய சாம்பியன்ஷிப்களில் 30 பதக்கங்கள். நடுவே திருமணம், குழந்தை. அதற்குப் பிறகும் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். 2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா சாய்த்தபோது அந்த அணியில் அவரும் இருந்தார். அந்த வெற்றியோடு இந்திய அணி ஆசியாவின் முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த ஆண்டோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது.

2021-ன் பத்மஸ்ரீ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து அவரோடு இருந்தவர்களைப் பாருங்கள்: சாலமன் பாப்பையா, நூறு வயதைத் தாண்டிய விவசாயி பாப்பம்மாள், மறைவுக்குப் பிறகு கௌரவிக்கப்பட்ட வியாசர்பாடி ‘அஞ்சு ரூபாய் டாக்டர்’ திருவேங்கடம். இவர்களைப் பற்றி டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அனிதாவின் பெயரைச் சொன்னால், “எந்த விளையாட்டு?” என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நம் பத்திரிகைகளும் பதினெட்டு ஆண்டில் அவரைப் பற்றி எழுதியது சொற்பம்.

லோக்கல் வண்டியும் லே-அப்பும்

மீஞ்சூர்க்காரர்களுக்குத் தெற்கு ரயில்வே என்றால் கும்மிடிப்பூண்டி லோக்கல். காலையில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நெரிசல் ஏற, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூர் மார்க்கெட் வளாகம். அதே தெற்கு ரயில்வேதான் அனிதாவுக்கு வேலை கொடுத்தது. இந்தியாவில் கூடைப்பந்து ‘புரொஃபஷனல்’ என்று ஒருவரைச் சொன்னால், பெரும்பாலும் அவர் ஏதோ ஒரு அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் அர்த்தம்.

வெளிநாட்டு வாசகருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம், நமக்குத் தேவையில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. டோர்னமென்ட் காலத்தில் சிறப்பு விடுப்பு. காலையும் மாலையும் பயிற்சி, நடுவே ஆபீஸ். மாதம் பிறந்தால் சம்பளம். பையன்களுக்கு இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, வருமானவரித்துறை என்று கதவுகள் உண்டு. பெண்களுக்குத் திறந்த கதவுகள் அதைவிடக் குறைவு. அவற்றில் பெரியது ரயில்வே. அதனால்தான் தேசிய சாம்பியன்ஷிப் மகளிர் பிரிவில் இந்தியன் ரயில்வே அணியை வெல்வது பல ஆண்டுகளாக மற்ற மாநிலங்களுக்குக் குதிரைக் கொம்பு. நல்ல ஆட்டக்காரிகளை எல்லாம் ஒரே சம்பளப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியிலும் ஆண்கள் பிரிவில் தமிழ்நாடு, பெண்கள் பிரிவில் ரயில்வே.

இந்த ஏற்பாட்டைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். யு.பி.ஏ. என்று ஒரு தனியார் லீக் 2015-ல் வந்தது. சென்னைக்கும் ‘சென்னை ஸ்லாம்’ என்று ஓர் அணி இருந்தது. 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. 2022-ல் ஐ.என்.பி.எல். என்று இன்னொரு லீக் வந்தது. லீக்குகள் வரும், போகும். பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நாற்காலி காலியாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை எந்த லீக்கும் கொடுத்ததில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு; அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. ஒரு தாய் மறுபடி இந்தியாவுக்காக ஆடியதில் அவருடைய பிடிவாதம் முக்கால் பங்கு என்றால், அந்த மாதச் சம்பளத்துக்குக் கால் பங்காவது கொடுக்க வேண்டும்.

ஆனால் அதே ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஆட்டம் முடிந்த மறுநாள் அந்த ஆட்டக்காரர் முழுநேர ஊழியர். முப்பது சொச்சம் வயதில் உலகத்தின் பெரிய அரங்குகளில் ஆடிவிட்டு வந்தவர் டிக்கெட் கவுன்ட்டருக்கோ ஃபைல் அடுக்குகளுக்கோ போய்விடுகிறார். அங்கிருந்து 60 வயதில் மாலை, சால்வை, புகைப்படம். இப்படி ஆபீஸ்களுக்குள் கரைந்துபோன கூடைப்பந்து அறிவை யாரும் கணக்கெடுத்ததில்லை. வீட்டுக்கு வீடு ஒரு ஸ்டேட் பிளேயர் இருக்கும் தெருக்கள் தமிழ்நாட்டில் உண்டு. கோச் ஒருவரைத் தேடினால் மூன்று ஊர் தாண்ட வேண்டும்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் தோற்ற இடம்

இங்கே ஒரு பழைய கதை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக் கூடைகள் இரண்டை மாடித் தடுப்பில் அடித்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். பின்னால் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகவும் இருந்தார். அங்கே அவர் அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60-ல் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே கூடைப்பந்துப் பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இந்த விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் போதும், பயிற்சியாளர் எதற்கு என்பது அவர் எண்ணம். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. அவர் அதே கன்சாஸில் பயிற்சியாளராகி, கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை என்று பெயர் வாங்கினார்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு கோடு நேராகச் சென்னைக்கு வருகிறது. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-ல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். தமிழ்நாட்டின் பள்ளிகளில் விசிலும் கையுமாக நின்ற எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அந்த வாசலில் நுழைந்து வெளியே வந்தவர்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு சிறிய ஊர், மின்விளக்கு வெளிச்சம், காலரி நிறையக் கூட்டம். பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தால் வெற்றிலை போட்ட தாத்தா ‘ரீபவுண்ட் எடுக்க ஆள் இல்லப்பா’ என்கிறார். கோயம்புத்தூரில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. கோப்பை. இவையெல்லாம் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பி.டி. மாஸ்டர் கம்பம் நட்டதில் வளர்ந்தவை. அனிதாவும் அப்படி ஒரு கிளப்பில், அப்படி ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டு வந்தவர்தான்.

பயிற்சியாளர் எதற்கு என்ற நெய்ஸ்மித்தின் கேள்விக்கு அனிதாவின் ஆட்ட வாழ்க்கையிலேயே வேடிக்கையான ஒரு பதில் இருக்கிறது. 2013-ல் கத்தாரின் தோஹாவில் முதல் ஆசிய த்ரீ-ஆன்-த்ரீ சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அனிதா அந்த அணியில் இருந்தார். அரை கோர்ட், ஒரே ரிங், பக்கத்துக்கு மூன்று பேர், ஒரு மாற்று ஆள். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, எது முன்னால் வருகிறதோ அது. பந்தைக் கையில் வைத்திருக்க 24-க்குப் பதில் 12 விநாடி. இதில் இன்னொரு விதியும் உண்டு. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் கோர்ட் பக்கம் இருக்கக் கூடாது. காலரியிலிருந்து கத்திச் சொல்லவும் கூடாது. டைம்-அவுட் எடுத்தாலும் ஆடுகிறவர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆக அந்தத் தங்கத்தை வென்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் கோச் வேலையைப் பார்த்ததும் கோர்ட்டுக்குள் வியர்வையோடு நின்ற அந்தப் பெண்கள்தான். ஆட்டத்தை விட்ட பிறகு ஒருவர் பயிற்சியாளர் ஆகிறார் என்று பொதுவாகச் சொல்கிறோம். பல பேருக்கு அது ஆடும்போதே நடந்துவிடுகிறது. 19 வயதில் தன்னைவிட மூத்தவர்களுக்குக் கேப்டனாக நின்ற ஒருவருக்கு இன்னும் சீக்கிரமாகவே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நட்சத்திரங்கள் தடுக்கி விழும் படி

நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பி ஏமாந்த கதைகள் அமெரிக்காவில் நிறைய. மேஜிக் ஜான்சனைவிட அழகாகப் பாஸ் கொடுத்தவர் யார்? 1994-ல் அவர் லேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளராக வந்தார். 16 ஆட்டங்களில் 5 வெற்றி, 11 தோல்வி. சீசன் முடிந்ததும் போதும் சாமி என்று போய்விட்டார். எதிர்ப்பக்கம் ஃபில் ஜாக்சன். ஆட்டக்காரராகப் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர், பயிற்சியாளராக 11 சாம்பியன் பட்டம். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உதவியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து காட்டிய பில் ரஸ்ஸல் போல ஒருவர் அபூர்வம். 1966-ல் பாஸ்டன் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளர் ஆனவர், 1968-லும் 1969-லும் கோப்பை வென்றார். என்.பி.ஏ. லீக்கில் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பெக்கி ஹேமன். 168 சென்டிமீட்டர் உயரம். அமெரிக்க மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-வின் டிராஃப்டில் யாரும் அவரைத் தேர்வு செய்யவில்லை. ஆனாலும் 16 சீசன் ஆடினார். 2013-ல் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தபோது, அதே ஊரின் ஆண்கள் அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் போய் உட்கார்ந்து கவனித்தார். அடுத்த ஆண்டே அந்த அணி அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. பிறகு லாஸ் வேகாஸ் மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2022, 2023, 2025 என்று மூன்று பட்டங்கள். அவர் சான் அன்டோனியோவில் ஆடிக்கொண்டிருந்த 2011-ல் அந்த ஊர் மகளிர் அணியின் தேர்வுக்கு இங்கிருந்து போய் நின்றவர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்துக்காரர், சென்னையில் தெற்கு ரயில்வே ஊழியர், அனிதாவின் சக ஆட்டக்காரர், அதே 1985-ல் பிறந்தவர். சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் அணிகளும் அவரைப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் அவசியமே வந்திருக்காதோ என்னவோ.

ஹேமனுக்கு அடிபட்டபோது போய் உட்கார ஓர் இடம் இருந்தது. கவனித்ததை வேலையாக மாற்றிக்கொடுக்க ஓர் அமைப்பு இருந்தது. நம் பக்கம் அதற்கு இருக்கும் முக்கியப் பாதை பாட்டியாலா. 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமா. பெரும்பாலும் என்.ஐ.எஸ். முடித்தவர் என்றால்தான் அரசு விளையாட்டு விடுதியிலோ ஆணையத்திலோ கோச் வேலைக்குக் கதவு திறக்கும். வீட்டையும் குழந்தையையும் விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் பஞ்சாப் போய்ப் படிப்பது ஓர் ஆணுக்கே யோசனை. பெண்ணுக்கு? மகளிர் அணிகளின் பெஞ்சில் பல காலம் ஆண்களே உட்கார்ந்திருந்ததற்கு இதைவிட நீண்ட விளக்கம் வேண்டாம்.

வந்தவர்கள் எடுத்துப்போனது, இருந்தவர்கள் வைத்துக்கொண்டது

அனிதாவின் காலத்தில் இந்திய மகளிர் அணியின் பெஞ்சுக்கு வெளிநாட்டார் வரிசையாக வந்தார்கள். 2010-ல் டமிகா ரேமண்ட், டபிள்யூ.என்.பி.ஏ.-வில் ஆடியவர். அடுத்து பீட் காடெட். இவர் கதை தனி. அமெரிக்காவின் புகழ்பெற்ற டியூக் பல்கலைக்கழக அணியில் தலைமைப் பயிற்சியாளர் மைக் சிசெவ்ஸ்கி உடல்நலக் காரணத்தால் 1994-95 சீசனின் நடுவில் ஒதுங்கியபோது, துணைப் பயிற்சியாளராக இருந்த காடெட் பொறுப்பேற்றார். 4 வெற்றி, 15 தோல்வி. அவ்வளவும் அவர் பெயரில் எழுதப்பட்டது. அப்படிப்பட்டவர் நம் ஊருக்கு வந்து பெண்களுக்குப் பொறுமையாக அடிப்படை சொல்லிக்கொடுத்தார். பிறகு ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ கார்சியா. 2013-ல் பாங்காக்கில் இந்தியா ஆசியாவில் ஐந்தாம் இடத்துக்கு வந்தது அவர் பெஞ்சில் இருந்தபோது. 2017-ல் செர்பியாவின் ஜோரான் விசிச். ஆண்கள் அணிக்கு அமெரிக்காவின் ஸ்காட் ஃப்ளெமிங். 2014-ல் சீன மண்ணிலேயே, வூஹானில், சீனாவை 65-58 என்று இந்தியா வென்றது அவர் காலத்தில்.

இவர்கள் வந்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஐரோப்பியர்கள் ஒருவிதமாகத் தடுப்பாட்டம் சொல்வார்கள், அமெரிக்கர்கள் வேறுவிதமாக. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் விமானம் ஏறினார்கள். நோட்டுப் புத்தகமும் அவர்களோடு போனது. புதியவர் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம். மூன்று நாட்டுப் பாடமும் ஒருசேரத் தங்கிய இடம் எது என்று கேட்டால், அந்தக் காலமெல்லாம் அணியில் தொடர்ந்து இருந்த ஆட்டக்காரர்களின் தலைகளும் கால்களும்தான். செர்பியர் சொன்ன டிஃபென்ஸ் ஏன் நம் பெண்களின் உயரத்துக்கு ஒத்துவரவில்லை, அமெரிக்கர் வரைந்த பிளே ஏன் சீனாவிடம் எடுபடவில்லை என்பதெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் இருக்காது. ஆடியவருக்குத் தெரியும்.

மொழியும் இருக்கிறது. முக்கால் நிமிடத்தில் ‘வீக் சைடு ஹெல்ப்’ என்று ஒருவர் ஸ்பானிய உச்சரிப்பில் சொல்லி, அதை ஒருத்தி இந்தியில் திருப்பி, திண்டுக்கல்லிலிருந்து வந்த பெண் அதைத் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் பஸ்ஸர் அடித்துவிடும். ‘பந்து அந்தப் பக்கம் போனா நீ இந்தப் பக்கம் நிக்காத, உள்ள வா’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் பத்து விநாடியில் வேலை முடிந்தது. இளையோர் பயிற்சிக்கு இங்கே ஆடிய ஒருவர் வருவதன் பயன் இதில்தான் முதலில் தெரியும். சீனியர் அணிக்கு வெளிநாட்டார் வரட்டும். பதினான்கு, பதினாறு வயதில் கால் எப்படி வைக்க வேண்டும் என்பதைத் தாய்மொழியில் கற்ற பிள்ளைதான் பிறகு எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் புரிந்துகொள்ளும்.

மீஞ்சூருக்கு என்ன வேண்டும்?

இனி மீஞ்சூர். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் இருப்பதால் வடகாஞ்சி என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊருக்கு வெளியே வேறு மாதிரிப் பெருமை. வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். அத்திப்பட்டு புதுநகரில் வடசென்னை அனல்மின் நிலையம். காட்டுப்பள்ளியில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010 முதல் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அதற்கும் முன்னால், பல பத்தாண்டுகள் மீஞ்சூர்க் கிணறுகளிலிருந்து சென்னை உறிஞ்சிய நிலத்தடி நீர். அதனால் உள்ளே ஏறிவந்த கடல் உப்பு. சென்னைக்குத் தண்ணீர் கொடுத்தது, கரண்ட் கொடுக்கிறது, காலையில் ஆள் கொடுக்கிறது. பதிலுக்கு வந்த சாம்பலும் லாரியும் தெரிந்த கதை.

இந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கபடி தெரியும், வாலிபால் தெரியும், கிரிக்கெட் சொல்லவே வேண்டாம். உயரமான பெண் ஒருத்தி எட்டாம் வகுப்பில் இருந்தால் பி.டி. டீச்சர் அவளை த்ரோபாலில் நிறுத்துவார். கூடைப்பந்து சரியாகக் கற்க வேண்டுமானால் லோக்கல் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் பக்கம். பள்ளி விட்டு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பயிற்சி முடிந்து ஒன்பது மணி வண்டியில் பதின்மூன்று வயதுப் பெண் திரும்ப வேண்டும். எந்த அம்மா விடுவாள்? அப்பா கேட்கும் கேள்வி இன்னும் நேரடியானது: ‘சர்ட்டிபிகேட் கிடைக்குமா?’ அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஸ்டேட்டுக்கு ஆடினால் ஒரு ஃபார்ம், இந்தியாவுக்கு ஆடினால் ஒரு ஃபார்ம். அந்தக் கேள்வியைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். விளையாட்டு சோறு போடுமா என்று கேட்பதில் என்ன தவறு? ரயில்வே வேலை இல்லாமல் அனிதாவின் பதினெட்டு ஆண்டு சாத்தியமா என்று யோசித்தால் அப்பாவின் கணக்கு சரிதான்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, வரம்புக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணையே பெயர் சொல்கிறது. எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. பார்த்தவரையில் இப்படிப்பட்ட பணத்தில் முதலில் வருவது கட்டிடமும் கல்வெட்டும். 28 மீட்டருக்கு 15 மீட்டர் காங்கிரீட் போட்டு, 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு ரிங் மாட்டி, பெயிண்ட் அடித்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துவிடலாம். இரண்டு வருடத்தில் ரிங் வளையும். வலை எப்போதோ காணாமல் போயிருக்கும். காங்கிரீட் தளம் மிளகாய் காயப்போட வசதியாக இருக்கும். இதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம்.

என் கோரிக்கை வேறு. கோர்ட் எளிமையாக இருக்கட்டும். அரை கோர்ட்கூடப் போதும், த்ரீ-ஆன்-த்ரீ இன்று ஒலிம்பிக் ஆட்டம். மிச்சப் பணத்தை ஒரு பயிற்சியாளரின் ஐந்தாண்டுச் சம்பளமாக ஒதுக்குங்கள். முடிந்தால் பெண் பயிற்சியாளர்; இந்தியாவுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர். ‘மேடம் இருக்காங்க’ என்ற ஒரு வார்த்தையில் மாலை ஏழு மணி வரை பிள்ளையை விடுகிற அம்மாக்கள் இந்த ஊரில் உண்டு. அந்த மேடம் குழந்தை பெற்ற பிறகும் இந்தியாவுக்கு ஆடியவராக இருந்தால், கல்யாணம் ஆனால் ஆட்டம் முடிந்தது என்று வீட்டில் சொல்லும் பாட்டிக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்காதீர்கள். மீஞ்சூரிலிருந்து அந்த லோக்கல் போய் நிற்கும் இடத்திலேயே, தெற்கு ரயில்வே தலைமை அலுவலகத்திலும் கோட்ட அலுவலகத்திலும் இருக்கிறார்கள். ஐ.சி.எஃப்.-பிலும் இருக்கிறார்கள். ஆட்டம் முடித்தவர்களைப் பயிற்சியாளர் பணிக்கென்று அயல்பணியில் அனுப்ப ரயில்வேயும் வங்கிகளும் மனது வைத்தால் போதும். மாலை மூன்று மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பி, வாரம் நான்கு நாள், அதே ரயில்வேயின் வண்டியில், பாஸில் வரலாம். என்.ஐ.எஸ். படிப்புக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருவதும் அந்த நிறுவனங்களுக்குப் பெரிய செலவு இல்லை. இருபது ஆண்டு சம்பளம் கொடுத்து வளர்த்த அறிவை ஃபைல் அறையில் பூட்டுவதுதான் செலவு.

ரயில்வேயில் ஓய்வு வயது 60. அந்தக் கணக்கில் 1985-ல் பிறந்த ஒருவர் 2045 வரை பணியில் இருக்கலாம். இப்போது மீஞ்சூரில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் பெண் 2045-க்குள் ஆடி முடித்து, தானும் விசிலை எடுத்துக்கொள்ளும் வயதுக்கு வந்திருப்பாள். தெற்கு ரயில்வே பொது மேலாளர் அலுவலகம் பார்க் டவுனில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஒரு மனுவோடு போனால் பாதி நாள் வேலை.